சிவப்பு மைக் கோப்பு

5 செப்டம்பர் 1988, திங்கள்

விடியலிலிருந்து மழை. சிலிபின் பக்கம் சாக்கடை நிறைந்து ரோட்டில். பஸ்ஸில் ஒருவன் ஈரக் குடையை என் சேலைமேல் சாய்த்தான். பார்த்தேன். இறங்கிப் போனான்.

வக்கீல் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ரஃபீக் இரண்டு ஆளோடு மாடி ஏற்றினார். கீழே சாப்பாட்டுக் கடை நடத்தும் பாயின் மூத்த மகன், நாற்பது வயது, சொந்தமாகக் கம்ப்யூட்டர் கடை. மேசை ஆடிற்று. ஒரு காலுக்கு அடியில் அட்டை வை என்றேன். கன்னியப்பன் (பியூன், இருபது வருஷமாக இதே கவனம்) நாலு காலுக்கும் வைத்தான். இன்னமும் ஆடுகிறது. அறையலாம் போல் இருந்தது.

வக்கீல் அருள்நாதன்: "ஆண்ட்டி, நாப்பத்தேழு குடும்பம். அக்டோபர் இருபத்தஞ்சு விசாரணை. அதுக்குள்ள எல்லாப் பேரும் உள்ள போயிருக்கணும்."

சுங்காய்க்கு அப்பால் நாவல் தோட்டம். ரப்பர் மரமெல்லாம் வீழ்த்தியாயிற்று. தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகள் மட்டும் பாக்கி. வாங்கிய கம்பெனி சொல்கிறது, அங்கே இருப்பவர்கள் நேற்று வந்து புகுந்தவர்களாம். பொய். தினமும் யார் வேலைக்கு வந்தார், எந்த லயம், யார் பிள்ளை என்று எழுதிய செக்ரோல் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஜப்பான்காரன் காலம் தவிர இருபத்தேழு வருஷம், இருபத்திரண்டு புத்தகம். என் கணவர் அங்கே பெரிய கிராணி, தலைமைக் கணக்கர். துரை எரிக்கச் சொன்னான். அவர் எரிக்கவில்லை. எழுதியதை அழித்தவர் இல்லை அவர்.

8 செப்டம்பர், வியாழன்

ரஃபீக்கிடம் பாடம். பதினொன்று முதல் ஒன்று வரை. அறுபத்தேழு வயதில் மறுபடி முதல் வகுப்பு. பரவாயில்லை. கான்வென்டில் ரூலரால் முட்டியில் வாங்கியதைவிட வலி குறைவு.

ஒரு குடும்பம், ஒரு கோப்பு. கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் கூடாதாம். ஆங்கிலத்தில் முனியம்மா சரியாக எட்டு. கோவிந்தசாமியைக் கழுத்தோடு வெட்டினேன்.

அப்புறம் தானாக ஓடும் கட்டளை. இயந்திரத்தைப் போட்டதும், நான் தொடாமலே:
எல்லாக் கோப்பையும் பிளாப்பித் தட்டுகளுக்கு நகல் எடு.
எடுத்ததை லாக் என்ற கோப்பில் எழுது. பெயர், நாள், மணி.
லாகைத் தாளில் அச்சடி.
ஒன்று பிசகினாலும் மணி அடி. நில்.

மணி வேண்டாம் என்றார் ரஃபீக். "ஸ்கிரீன்ல ஒரு வரி வரும்மா, போதும்லா. மணியடிச்சா கீழ அத்தா கடையில கறி வந்துருச்சோன்னு ஓடியாருவாங்க."

"தப்பு நடந்தால் கத்த வேண்டும்" என்றேன். மணி வைத்தார்.

காலையில் இயந்திரம் தேதி கேட்கிறது. சும்மா தட்டிவிட்டால் 1980 என்று எழுதிக்கொள்ளும். மதியம் மறுபடி போட்டபோது கன்னியப்பன் தட்டிவிட்டான். எட்டு வருஷம் பின்னால் போய்விட்டது என் லாக்.

21 செப்டம்பர், புதன்

வெயில். கண் எரிச்சல். பன்னிரண்டு புத்தகம் முடிந்தது.

இதை வக்கீலுக்குச் சொல்லவில்லை. செக்ரோலின் வலது ஓரத்தில் சிவப்பு மை. யாருக்கு ரோத்தான், எத்தனை அடி, எந்த நாள், எதற்கு. அந்தப் பிரம்பு ஆபீஸ் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அங்கமுத்து, 12, ரப்பர் பால் சிந்தியது. காளியப்பன், 8, மறுபேச்சு. அங்கமுத்து, 17, துரையைப் பார்த்துச் சிரித்தது. அவர் கையெழுத்து முத்து மாதிரி. அடித்த கை நடுங்கவே இல்லை என்று எழுத்தே சொல்கிறது.

பேர்களை மட்டும் ஏற்றினால் போதும். ஆனால் பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு ஏற்றினால் அது நகல் இல்லை. தனிக் கோப்பு போட்டேன். பெயர் 'சிவப்பு'. விசாரணைக்கு முந்தின நாள் அழித்துவிடலாம். ஊர் முன்னால் அவரை ஏன் நிறுத்த வேண்டும்?

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இன்னொரு சிவப்பு வரி உண்டு. அதை ஏற்றவில்லை. அது தோட்டத்து விஷயம் இல்லை.

30 செப்டம்பர், வெள்ளி

என் தவறு. என் தவறு. எழுதி வைக்கிறேன்.

நேற்றோடு இருபத்திரண்டு புத்தகமும் ஏறி முடிந்தது. இன்று கட்டளையைத் திருத்தினேன். லாகை மட்டும் அச்சடி என்று எழுத வேண்டிய இடத்தில், பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டுவிட்டேன். நட்சத்திரம் என்றால் எல்லாம். டீ குடித்துவிட்டு வந்தால் பிரிண்டர் வெறி பிடித்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. இருநூற்றுப் பதின்மூன்று தாள். கன்னியப்பன் பக்கத்தில் நின்று வேடிக்கை.

"ஏன்டா நிறுத்தவில்லை?"
"மிசின் நல்லா சொறுசொறுப்பா வேல செய்துன்னு பாத்துக்கிட்டு இருந்தேம்மா."

அந்த நேரம் பார்த்து முனியம்மா. நாவல் தோட்டத்துப் பெண்களுக்கெல்லாம் வாய் அவள்தான். ஐம்பத்தைந்து வயது. வெட்டுக்கத்தி பிடித்துப் பிடித்து விரல் விரியாது. "கிராணியம்மா, இத தூக்கியா போடப் போறீங்க? குடுங்க. சொவத்துல ஒட்டிக்கிறேன். பழைய பேப்பர கரையான் தின்னுருச்சு."

எடுத்துக்கொண்டு போ, என் கண்முன் வேண்டாம் என்றேன். தலைமேல் வைத்துக்கொண்டு போனாள்.

3 அக்டோபர், திங்கள்

பல் துலக்கும்போது உறைத்தது. நட்சத்திரம் என்றால் எல்லாம். 'சிவப்பு'ம்.

அங்கமுத்து முனியம்மாவின் அப்பா.

அவளுக்கு இங்கிலீஷ் வராது. சுவரில் ஒட்டிக் கரையான் தின்னும். போகட்டும். குழம்பில் இரண்டு தடவை உப்பு.

11 அக்டோபர், செவ்வாய்

ஐந்தே காலுக்குக் கன்னியப்பனை மாடிப்படியில் பிடித்து அறைந்திருக்கிறார்கள். இரண்டு சம்செங், அடியாட்கள். கம்பெனி ஆட்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. கடைவாய்ப் பல் ஒன்று கைக்குட்டையில். அதைக் கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தான். காட்டுவதற்கு.

"என்ன கேட்டார்கள்?"
"கெழவி எங்க எழுதி வச்சிருக்கான்னு கேட்டானுங்க. எந்தக் கெழவின்னு கேட்டேன். அதுக்குத்தான் ரெண்டாவது அற."

நல்ல பதில். சொல்லவில்லை அவனிடம். அந்தக் கைகளை மணிக்கட்டோடு நறுக்க வேண்டும் என்று நாள் முழுக்க நினைப்பு. காய் நறுக்கும்போதும்.

இன்றிலிருந்து மூன்று கட்டுத் தட்டுகள், மூன்று இடம். ஒன்று ஆபீஸ். ஒன்று என் அரிசி டின். ஒன்று ரஃபீக் கடை. ஒருபோதும் இரண்டு கட்டு ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. நானே கையெழுத்துப் போட்டுக் கதவில் ஒட்டினேன்.

லாக்: குடும்பம் 47. சிவப்பு 1. ஆக 48. பிழை இல்லை.

14 அக்டோபர், வெள்ளி

முனியம்மா வந்தாள். ரவிக்கையில் ரத்தம், அவளுடையது இல்லை. தம்பி காளியின் முழங்கையை இரும்புக் குழாயால் உடைத்திருக்கிறார்கள். தண்ணீர்க் குழாயடியில், பெண்கள் பார்க்க. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததாம். கத்திக்கொண்டே அவர்கள் மேல் எச்சில் துப்பினானாம். குழாய் மறுபடி இறங்கிற்று.

"அப்படியே வெட்டிப் போடலாமான்னு வருது கிராணியம்மா. கத்தி என்னமோ கூராத்தான் இருக்கு."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"ஒங்க வூட்டுக்காரர் எல்லாத்தையும் எழுதி வைப்பாரோ?"

"ஒரு புள்ளி தவறாது" என்றேன். நிமிர்ந்தே சொன்னேன்.

"ஆமாலா" என்றாள். போய்விட்டாள்.

18 அக்டோபர், செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. இந்த ஆபீசில் வழக்கம் உண்டு. ஸ்டேப்லர் முதல் விளக்குமாறு வரை எல்லாம் படத்துக்கு முன்னால் வர வேண்டும். அன்று எதுவும் வேலை செய்யாது. நான் வந்த வருஷத்திலிருந்து அடுக்குவது நான்தான். பள்ளியில் சிலுவை முன் முட்டி போட்டவள். ஆனாலும் இதில் ஒரு கருவி விட்டுப்போனால் எனக்குத் தூக்கம் வராது.

செக்ரோல் இருபத்திரண்டும் டாக்ஸியில் ஆபீசுக்கு. அரிசி டின் கட்டு. ரஃபீக் கடைக் கட்டு.

ரஃபீக் கொடுக்க மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "ம்மா, இந்தக் கட்டு இங்கயே கெடக்கட்டும்லா. மூணு எடம்னு நோட்டீஸ் ஒட்டுனதே நீங்கதான்."

"ஒரு நாள்தான். வியாழக்கிழமை ஒன்பதுக்கு உங்கள் கையில்."

"நான் துலுக்கன், எனக்கு என்னா தெரியும். ஆனா பிளாப்பிக்கு சாமி கும்புடத் தெரியாது, அது மட்டும் தெரியும்." சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

தட்டுகளின் உறைமேல் மட்டும் சந்தனம் வைக்க வேண்டும், திறந்த பக்கம் படக்கூடாது என்று கன்னியப்பனிடம் மூன்று தடவை சொன்னேன். அவ்வளவு கவனம் எனக்கு.

வாங்க: கதம்பம், பொரி, வெற்றிலை, கற்பூரம்.

19 அக்டோபர், புதன்

வலது கை விரல்கள் வீக்கம். எழுத்து கோணல்.

பதினொன்றரை. கற்பூரம் காட்டி முடித்தேன். பொரி கிண்ணத்தில். ஐந்து பேர் உள்ளே. பாராங் கத்தி இரண்டு, இரும்புக் குழாய் மூன்று. செருப்போடு.

தேட வேண்டியிருக்கவில்லை அவர்களுக்கு. எல்லாம் பூ வைத்து அடுக்கி இருந்தது. ஒருவன் சிரித்தான். "டேய், பாட்டி நமக்குப் படையல் போட்டுருக்குடா."

கம்ப்யூட்டர் முகத்தில் முதல் அடி, பெட்டியைப் பிளந்தது அடுத்தது. கண்ணாடி என் கன்னத்தில். தட்டுகளைப் பாராங்கால் கொத்தினார்கள், இறைச்சிக் கடை மாதிரி, மூன்று கட்டும் ஒரே பலகையில் வைத்து. புத்தகங்கள் மேல் மண்ணெண்ணெய். தடுத்த கன்னியப்பனைத் தலைமுடியைப் பிடித்து மேசை விளிம்பில். ஒரு தடவை. இரண்டு தடவை. விழுந்தவன் விலாவில் மிதி.

குத்துவிளக்கு என் கைக்கு எப்படி வந்தது தெரியாது. சிரித்தவனின் முதுகு என் பக்கம். தோள்பட்டையில் போட்டேன். குனிந்தான். கழுத்தில். காதில். காது பிய்ந்து தொங்கியது. எண்ணெய் என் மேலெல்லாம். நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேனாம். கன்னியப்பன் சொன்னான். "ஏழு வரைக்கும் எண்ணுனீங்கம்மா. இஸ்கூல் டீச்சர் மாதிரி."

ஏழு. எழுதி வைக்கிறேன்.

பிறகு என் வயிற்றில் குழாய். சுவர். புகை. கீழிருந்து பாயும் சமையல்காரர்களும் கறி வெட்டும் கத்தியோடு ஏறி வந்தார்கள். அவர்கள் ஓடினார்கள்.

22 செக்ரோலும் சாம்பல். 3 கட்டும் துண்டு. 48 கோப்பு, எங்கும் இல்லை. மூன்று இடத்தில் இருந்ததை ஒரு நாளைக்கு ஒரே இடத்தில் கொண்டுவந்து கூட்டியது நான். என் கையால். சந்தனம் வைத்து.

20 அக்டோபர், வியாழன்

கன்னத்தில் ஆறு தையல். இரண்டு விலா கீறல். கன்னியப்பன் எழுந்து உட்கார்ந்தான், டீ கேட்டான்.

வக்கீல் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கம் வந்து நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "செவ்வாய்க்கிழமை கையில ஒண்ணுமே இல்ல ஆண்ட்டி. காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

இதையும் எழுத வேண்டும். நேற்று புத்தகங்கள் எரிந்தபோது, சிவப்பு மையும் போகிறது என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. நாற்பத்தேழு வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு நிம்மதி. அந்தக் கணத்துக்கு எத்தனை ரோத்தான் என்று அவர் எழுதியிருப்பார்?

மதியம் மூன்று. தாதி ஊசி போடும்போது சட்டென்று. சுவர்!

22 அக்டோபர், சனி

ரஃபீக் லோரியில் நாவல் தோட்டம். கோப்பெங் தாண்டும்வரை யாரும் பேசவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் விலா கத்தியது. டாக்டருக்குத் தெரியாமல் வந்தது.

புல்டோசர் எங்களுக்கு முன்பே வந்திருந்தது. கோர்ட் சொல்லும் வரை காத்திருக்கவில்லை. ஓரத்து இரண்டு வீடு தரைமட்டம். கோழிகள் அதற்குள். ஒரு தொட்டில் கயிறு மட்டும் உத்தரத்தில்.

மூன்றாவது வீடு முனியம்மாவுடையது. பலகைச் சுவர் முழுக்க என் தாள்கள். மரவள்ளிக் கிழங்குப் பசை. நேராக, ஓரம் பிசகாமல், வரிசையாக ஒட்டியிருந்தாள். கரையான் தொடவில்லை. பெயர், வருஷம், லயம். எல்லாம்.

சாமிப் படத்துக்கு நேர் கீழே 'சிவப்பு'. அங்கமுத்துவின் வரிகளுக்கு மட்டும் அடியில் பென்சில் கோடு.

"எம்மக ஃபார்ம் ஃபைவ் முடிச்சவ. வாசிச்சுச் சொன்னா" என்றாள் முனியம்மா. "எங்கப்பனுக்குப் பன்னெண்டு, அப்பறம் பதினேழு, அப்பறம் ஒம்பது. ஊரெல்லாம் பொய்யின்னாங்க. குடிச்சுட்டு வுழுந்தான்னாங்க. ஒங்க வூட்டுக்காரரு ஒருத்தருதான் உண்மைய எழுதியிருக்காரு. எண்ணி எழுதியிருக்காரு. பெரிய மனுசன்லா."

அவள் கையில் வெட்டுக்கத்தி. என் தொண்டைக்கும் அதற்கும் ஒரு முழம். வெட்டினால் வெட்டட்டும் என்று நின்றேன். கண்ணைத் தாழ்த்தவில்லை. அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

அவள் திரும்பி, கத்தி முனையைப் பலகை இடுக்கில் விட்டு நெம்பினாள். "பேப்பர உரிச்சா கிழியும். சொவத்தோட எடுங்க."

பெண்கள் கோடாலியும் பாராங்குமாக. பலகை பலகையாகச் சொந்த வீட்டைப் பிளந்தார்கள். புல்டோசர்காரன் சாமான் அள்ளுகிறார்கள் என்று நினைத்துச் சிகரெட் பிடித்தான். கடைசிப் பலகை லோரியில் ஏறியதும் இயந்திரம் கூரைமேல் ஏறியது. முனியம்மா பார்க்கவில்லை. லோரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

23 அக்டோபர், ஞாயிறு

வக்கீல் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் பலகைகள். வரிசைப்படுத்தினோம். நான் 'சிவப்பு'ப் பலகையைத் திருப்பி வைத்தேன். அவர் திருப்பிப் பார்த்துவிட்டார். இரண்டு தடவை வாசித்தார்.

"ஆண்ட்டி, மத்தத நேத்து டைப் பண்ணதும்பான் எதிர் வக்கீல். இத அப்படிச் சொல்ல முடியாது. புருசன் பேரைக் கெடுக்க எந்தப் பொம்பளையும் இத இட்டுக்கட்ட மாட்டா. இது நின்னா எல்லாம் நிக்கும்."

"அவர் இறந்து இருபத்தேழு வருஷம்."

"தெரியும்."

"அவருக்கு இந்த ஊரில் பெயர் இருக்கிறது."

"அதான் கேக்குறேன்."

வீட்டுக்கு வந்துவிட்டேன். கூடத்தில் அவர் படம். மாலை காய்ந்திருந்தது. மாற்றவில்லை.

25 அக்டோபர், செவ்வாய்

வெள்ளைச் சேலை, கஞ்சி போட்டது. தையல்மேல் பவுடர் போடவில்லை. பார்க்கட்டும்.

கோர்ட் வராந்தாவில் பலகைகள் சாய்த்து. 'சிவப்பு'ம் வரட்டும் என்று வக்கீலிடம் நானே சொன்னேன். சேவகன் கேட்டான், தச்சு வேலையா என்று.

எதிர் வக்கீல் இளைஞன், ஆங்கிலம் சுத்தம். ஒரு மணி நேரம் குடைந்தான். மூலப் புத்தகம் எங்கே? எரிந்தது. யார் எரித்தது? உங்கள் கட்சிக்காரரைக் கேளுங்கள். நீதிபதி என்னைக் கண்டித்தார். நான் அவரையும் பார்த்தேன்.

பிறகு 'சிவப்பு'. கிராணியின் மனைவி, தனி வீட்டில் இருந்தவர், ஆபீசில் நடந்ததாகச் சொல்லும் அடிகளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? இந்த எண்களை நீங்களே போடவில்லை என்று எப்படி நம்புவது?

சொன்னேன். சிவப்பு மை மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தது நான். எதற்கு என்று தெரிந்தே கொடுத்தேன். இருபத்து மூன்று வருஷம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி உண்டு. 'வீடு' என்று போட்டு ஓர் எண். அதை மட்டும் நான் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. வீடு என்றால் நான்.

எந்தப் பிரம்பு என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

அதே பிரம்பு என்றேன்.

பின் வரிசையில் நாவல் தோட்டத்துப் பெண்கள். முனியம்மா எழுந்து நின்றாள். சேவகன் உட்காரச் சொன்னான். உட்காரவில்லை.

இடிக்கக் கூடாது, மறு உத்தரவு வரை. நாற்பத்து நாலு வீடு நிற்கிறது.

4 நவம்பர், வெள்ளி

மழை இல்லை. அடுத்த வாரம் தீபாவளி. கன்னியப்பன் வேலைக்கு வந்துவிட்டான், பொய்ப்பல்லோடு. சிரித்துக்கொண்டே இருக்கிறான், சகிக்கவில்லை.

ரஃபீக் வேறு இயந்திரம் கொண்டுவந்தார். மேசைக்கு ஒரு காலுக்கடியில் மட்டும் அட்டை. பத்து நாளாக முனியம்மா பலகையைப் பிடிக்க, நான் ஏற்றினேன். அவள் வீடு கட்டும்வரை என் முன்னறையில் இருக்கிறாள். ரசத்தில் பெருங்காயம் அதிகம் போடுகிறாள். தினமும் சண்டை.

தட்டுகள் மூன்று கட்டு. ரஃபீக் கடை. ஆபீஸ். மூன்றாவது காளியிடம், தோட்டத்தில். பூஜை வந்தாலும் புயல் வந்தாலும் சேராது.

மதியம் ஒரு கோப்பு புதிதாகத் திறந்தேன். என் பெயரும் எட்டுக்குள் அடங்கவில்லை. தனலெட்சுமியை வெட்டினேன். எண்கள் எல்லாம் நினைவில் இல்லை. இருந்தவற்றை நாளோடு ஏற்றினேன். குளியலறைக் கதவு, 6. மூத்தவன் வயிற்றில் இருந்தபோது, 4. அந்த மகனுக்கு இதுவரை தெரியாது.

கட்டளையை ஓட்டினேன். முனியம்மா பக்கத்தில் நின்று தாள் வருவதைப் பார்த்தாள்.

லாக்: குடும்பம் 47. சிவப்பு 1. தனலெட் 1. ஆக 49. மணி அடிக்கவில்லை.